சிறகசைக்காப் பறவைகளும் சாலிம் அலி பெருந்தகையும்

இந்தியத் திருநாட்டில் அறிவியலைத் தொழிலாகக் கொண்டோர் பலர். அதனை வாழ்வாகவே கொண்டோர் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பறவையியல் பேரறிஞர் டாக்டர் சாலிம் அலி அவர்கள் ஆவார். 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாய் மாநகரில் பிறந்து, 1987ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதே மாநகரில் மறைந்த அப்பெருமகனார், தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்த தம் வாழ்நாளில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளைப் பறவைகளுக்கே அளித்தார். அவர்தம் வரலாற்றைச் சுருங்க உரைப்பதும், அவர் வகுத்த நெறி பெரும் பறவைகளின் நெடும்பயணத்தையும் அவற்றுக்கு நேர்ந்த பேரிடரையும் நாம் அறிந்துகொள்ள எவ்வாறு துணைநின்றது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருவி காட்டிய வழி

சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் ஒன்பதாவது குழந்தையாகப் பிறந்தவர் சாலிம் அலி. ஓராண்டு நிரம்பும்போதே தந்தையார் மொய்சுதீன் மறைந்தார். மூன்று வயதில் அன்னையார் சீனத்துன்னிசாவும் மறைந்தார். பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தாய்மாமனார் அமீருத்தீன் தையப்ஜியும், மக்கட்பேறில்லாத அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் தம் மக்களாகவே ஏற்று வளர்த்தனர். நாட்டு விடுதலைக்கு உழைத்த அப்பாஸ் தையப்ஜி அவர்களும் சாலிம் அலிக்கு மாமன் முறையினரே ஆவார்.

மாமனார் வேட்டையில் நாட்டமுடையவர். சிறுவனுக்கு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஏறத்தாழப் பத்து வயதில் அதனைக் கொண்டு ஒரு சிட்டுக்குருவியை வீழ்த்தினான் அச்சிறுவன். எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் படிந்திருந்தது. வழக்கமான வீட்டுக்குருவிக்கு அவ்வாறு இராது. முஸ்லிம் குடும்பத்துச் சிறுவனாதலின், இதனை உண்ணலாமா கூடாதா என்ற ஐயம் எழுந்தது. மாமனாரிடம் காட்டினான், அவருக்கும் விளங்கவில்லை. அவர் எழுதிக்கொடுத்த கடிதத்துடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் சென்றான். அவர் அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என அடையாளம் கூறியதுடன், கழகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்துகாட்டி, சிறுவனை வரவேற்று ஊக்கினார். ஒரு சிறுவனின் ஐயத்தை ஒரு பெரியவர் பொருட்படுத்தியதன் பயன், பின்னாளில் ஒரு நாட்டின் பறவையியலாக விரிந்தது என்பது ஆசிரியப் பணியிலுள்ள நாம் மறவாதிருக்க வேண்டியதொன்றாகும்.

தொழிலும் துயரும்

கல்விக்கூடம் அவருக்கு எளிதாக அமையவில்லை. தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டிலேயே இடர்ப்பட்டு, பர்மாவிலுள்ள தவாய் என்னும் பகுதிக்குச் சென்று குடும்பத்தாரின் உலோகச் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் கவனித்தார். ஆங்குச் சூழ்ந்திருந்த காடுகளே அவரை ஈர்த்தன, தொழில் ஈர்க்கவில்லை. 1917இல் நாடு திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அருள்தந்தை பிளாட்டர் என்னும் பேராசிரியரின் தூண்டுதலால் விலங்கியலும் கற்றார். 1918இல் தஹ்மினா பேகத்தை மணந்தார். எனினும் முறையான பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் அவர் பெறவில்லை. ஆதலின் விலங்கியல் துறையில் அரசுப் பணி அவருக்குக் கைகூடவில்லை.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்க்கு விளக்கமளிக்கும் விரிவுரையாளராக அமர்ந்தார். இரண்டாண்டுகளில் விடுப்புப் பெற்றுச் செருமனி சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் சுட்ரெசிமான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். வட கடலிலுள்ள எலிகோலாந்துத் தீவில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியறியும் முறையையும் கற்றார். பெரும் நம்பிக்கையுடன் 1930இல் தாயகம் திரும்பியவருக்குக் காத்திருந்தது ஏமாற்றமே. பணமின்மையால் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற நிலையில் மனைவியாருடன் பம்பாய்க்கு அருகிலுள்ள கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாள்தோறும் அவற்றை நோக்கி நோக்கிக் குறிப்பெழுதினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி வைக்கும். பெண் குருவி வந்து சோதித்து ஏற்றுக்கொண்டால் எஞ்சியதை முடிக்கும். பின்னர் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெட்டையை நாடும். இவ்வுண்மையை அவர் வெளியிட்டபோது அறிஞருலகம் வியந்தது. எல்லாரும் நாள்தோறும் கண்ட குருவிதான்; ஆயினும் தொடர்ந்து பார்த்து எழுதியவர் அவரே.

பின்னர்ச் சமத்தானங்களுக்கு ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். தம் உழைப்புக்கு ஊதியம் வேண்டா. முகாமிடும் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் அந்நாட்டுப் பறவைகளை முழுமையாகக் கணக்கெடுத்துத் தருவதாகக் கூறினார். 1930களில் ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி முதலிய நாடுகளில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் திரிந்தார். மனைவியார் கூடாரம்தோறும் உடனிருந்து துணைபுரிந்தார். 1939இல் ஒரு சிறு அறுவை மருத்துவத்திற்குப் பின் அவ்வம்மையார் காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரியார் இல்லத்தில் தங்கி, துயரை உழைப்பால் ஆற்றிக்கொண்டார். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்தும் அக்கால முறையை அவரும் பின்பற்றினார் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் நேர்மையாகும். அறிவுக்கு அது தேவை எனக் கொண்ட அவர், வீண் கொலையை வெறுத்தார்.

1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவர்தம் முதற்பெரும் நூல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளேயுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கைந்நூல், இந்தியத் துணைக்கண்டப் பறவைகளுக்கு இன்றும் அடிப்படை நூலாகத் திகழ்கின்றது. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் அவரை நாடிவந்தன. பட்டமில்லாத அவருக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டங்களை அளித்தன. பால் கெட்டி பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே ஈந்தார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அவ்வாண்டிலேயே, சிட்டுக்குருவியின் வீழ்ச்சி எனப் பொருள்படும் தலைப்பில் தம் வரலாற்று நூலையும் வெளியிட்டார்.

பேருடலும் நெடுவழியும்

சாலிம் அலி நுணுகி எழுதிய பறவைகளுள் சிட்டும் உண்டு, பாறும் உண்டு. நாரை, கூழைக்கடா, கழுகு, பாறு முதலிய பேருடற் பறவைகளின் செலவு தனிச்சிறப்புடையது. பாறு, எருவை, பருந்து எனச் சங்கப் புலவர் வேறுபடுத்திப் பெயரிட்ட இவற்றை, நம் மக்கள் இன்று பெரும்பாலும் கழுகு என்ற ஒரே சொல்லால் சுட்டுகின்றனர். வெண்முதுகுப் பாறு ஐந்து கிலோ அளவு எடையும், விரித்தால் இரண்டு மீட்டரைக் கடக்கும் சிறகும் உடையது. இத்துணைப் பெரிய உடல் வானில் நாளெல்லாம் நிற்பது எங்ஙனம்?

பறவையொன்றின் நீள அகலங்கள் இருமடங்கானால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். ஆதலின் உடல் பெருக்கப் பெருக்க, சிறகடித்துப் பறப்பதற்கான செலவு தசைகளின் ஆற்றலைக் காட்டிலும் விரைவாக ஏறுகின்றது. சிட்டு படபடவெனச் சிறகடித்தே காலங்கழிக்க இயலும். பாறு அவ்வாறு செய்தால் விரைவில் களைத்துவிடும். எனவே பெரும் பறவைகள் தம் தசையை நம்பாது காற்றை நம்புகின்றன.

தருமபுரி மாவட்டத்தில் நம் இண்டூர்ப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மானாவாரிப் புன்செய்களும் பாறைகளும் நிறைந்த மேட்டு நிலம் இது. கதிரவன் ஏற ஏற, உழுது கிடக்கும் வயலும் வெற்றுப் பாறையும் விரைவில் சூடேறுகின்றன; ஏரிநீரும் மரச்செறிவும் அவ்வளவு விரைவில் சூடேறுவதில்லை. சூடேறிய நிலத்தின்மீதுள்ள காற்று வெம்மையுற்று, எடை குறைந்து, தூண்போல் மேலெழுகின்றது. அத்தூணுக்குள் புகுந்த பறவை சிறகை விரித்தபடி வட்டமிடுகின்றது. பறவை சிறிது சிறிதாகக் கீழிறங்கிக்கொண்டுதான் இருக்கின்றது. ஆயினும் அது இறங்கும் விரைவைவிடக் காற்று ஏறும் விரைவு மிகுதி. ஆகவே வட்டமிட்டபடியே உயர்கின்றது. கோழிக்குஞ்சுக்கு அஞ்சி நம் தாய்மார் அண்ணாந்து பார்க்கும் பருந்து சிறகசைக்காமல் சுழல்வதன் உட்பொருள் இதுவே.

இதனை இந்தியாவில் முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஆக்ராவில் பணியாற்றிய ஹேன்கின் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆவார். 1913இல் அவர் வெளியிட்ட நூலில் பருந்துகளும் பாறுகளும் காலையில் எப்பொழுது மிதக்கத் தொடங்குகின்றன என்பதைக் குறித்துள்ளார். எடை குறைந்த பருந்து முதலில் எழும். எடை மிகுந்த பாறு வெயில் வலுக்கும்வரை காத்திருந்து பின்னரே எழும். வானின் வெம்மையைப் பறவையே அளந்து காட்டுகின்றது எனலாம்.

உயர்ந்தபின் பறவை செய்வது யாது? சிறகைச் சற்றே ஒடுக்கி, செல்ல வேண்டிய திசையில் சறுக்கி இறங்குகின்றது. ஒரு மீட்டர் கீழிறங்குவதற்குள் பத்து மீட்டருக்கும் மேல் முன்னேறிவிடுகின்றது. இவ்வாறு இறங்கி அடுத்த வெப்பத் தூணை அடைந்து மீண்டும் ஏறுகின்றது. ஏறுதலும் சறுக்குதலுமாகவே நூறு கிலோமீட்டரை எளிதில் கடக்கின்றது. அதன் சிறகு நுனியில் விரல்கள்போல் பிரிந்து நிற்கும் இறகுகள், நுனியில் சுழலும் காற்றால் ஏற்படும் தடையைக் குறைக்கின்றன. தென்னமெரிக்கப் பெரும்பாறுகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தோர் 2020இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. பறந்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்கே அவை சிறகடித்தன. அதிலும் பெரும்பகுதி தரையிலிருந்து எழும்போதே செலவாயிற்று. ஒரு பறவை ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக ஒருமுறைகூடச் சிறகடிக்காமல் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சென்றது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. கடல்மீது வெப்பத் தூண் நன்கு எழுவதில்லை. ஆதலின் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வெண்ணாரைகள் நடுநிலக்கடலைக் குறுக்கே கடப்பதைத் தவிர்த்து, ஒருபுறம் சிப்ரால்டர் நீரிணையையும் மறுபுறம் இசுதான்புல் அருகிலுள்ள பாசுபரசு நீரிணையையும் சுற்றிச் செல்கின்றன. தென்கடலில் வாழும் ஆல்பட்ராசு என்னும் பெரும் பறவையோ வேறொரு வழியைக் கையாள்கின்றது. அலைகளை ஒட்டிய காற்று மெதுவாகவும் மேற்காற்று விரைவாகவும் வீசுவதால், அவ்விரண்டுக்குமிடையே ஏறியும் இறங்கியும் விரைவைப் பெறுகின்றது. நிலத்துப் பறவைக்கு வெம்மையும் கடற்பறவைக்குக் காற்றின் வேறுபாடும் ஊர்தியாகின்றன.

மற்றுமொரு நுட்பம் உண்டு. வெப்பத் தூண் கண்ணுக்குப் புலப்படுவதன்று. தொலைவில் ஒரு பறவை வட்டமிடுவதைக் கண்ட பிற பறவைகள், அங்குத் தூண் இருப்பதை அறிந்து விரைகின்றன. இரையும் அவ்வாறே. ஒரு பாறு தரையில் இறந்த மாட்டைக் கண்டு இறங்கினால், அதனைக் கண்ட அடுத்தது இறங்கும்; அதனைக் கண்ட மற்றொன்று இறங்கும். இவ்வாறு பல காதம் பரந்த வானத்திலுள்ளவை எல்லாம் ஓரிடத்தில் கூடிவிடுகின்றன.

வழியறியும் வளையம்

எலிகோலாந்தில் கற்ற வித்தையைச் சாலிம் அலி தாயகத்தில் பெரிதாக வளர்த்தார். 1960களில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்டது. பறவைகள் நோய்களைத் தாங்கி வருகின்றனவா என்பதை அறிவதும் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும். நம் தமிழ்நாட்டுக் கோடியக்கரையும் இப்பணிக்குரிய சிறந்த களமாயிற்று. 1967இல் அது காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. வளையம் பறவை புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் சொல்லும், இடைவழியைச் சொல்லாது. அதனை இன்று செயற்கைக்கோளுடன் இணைந்த சிறு கருவிகள் சொல்கின்றன. கருவி மாறினும் முறை ஒன்றே: இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பறவை, இத்தனை எனப் பிழையின்றி எழுதி வைத்தல்.

எழுதி வைத்ததன் பயன்

அம்முறையின் அருமையைக் காலம் கடுமையான வகையில் மெய்ப்பித்தது. இராசத்தானத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் புகலிடத்தைக் காக்கப் பெரிதும் உழைத்தவர் சாலிம் அலி. 1980களில் அங்கு அக்கழகத்தார் நெடுங்கால ஆய்வை மேற்கொண்டனர். அக்காலத்தில் பாறுகள் இந்தியாவெங்கும் மலிந்திருந்தன. மலிந்திருந்த ஒன்றை எண்ணுவது வீண் என எவரும் கருதக்கூடும். ஆயினும் அக்கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாசு என்னும் ஆய்வாளர் பாறுகளை எண்ணி எழுதினார். 1990களின் பிற்பகுதியில் அதே இடத்தில் மீண்டும் எண்ணியபோது பாறுகள் பெரும்பாலும் அழிந்திருந்தன. பழைய எண்ணிக்கை இருந்தமையால்தான் இழப்பின் அளவு உலகுக்குப் புலப்பட்டது. 1992 முதல் 2007 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தமை தெரியவந்தது.

காரணம் 2004இல் விளங்கிற்று. மாடுகளின் வலியும் வீக்கமும் தீரக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே அது. அம்மருந்து உடலில் இருக்கும்போது இறந்த மாட்டைத் தின்ற பாறு, சிறுநீரகம் கெட்டுச் சில நாள்களில் மடிந்தது. இறந்த மாடுகளுள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இத்தகைய பேரழிவு நேரப் போதும் என ஆய்வாளர் கணக்கிட்டனர். இது எங்ஙனம் இயலும் என வியப்போர்க்கு, மேலே நாம் கண்ட மிதப்புக் கலையே விடையாகும். நச்சுப்பட்ட ஒரே மாட்டின்மீது பரந்த வானத்துப் பாறுகள் பலவும் ஒருசேர வந்திறங்கின. ஒன்றையொன்று நோக்கிப் பயணம் செய்யும் திறன் எத்துணைக் காலமும் அவற்றை வாழ்வித்ததோ, அத்திறனே அவற்றை ஓரிடத்தில் கூட்டி மாய்த்தது. ஆண்டுக்கு ஒரே முட்டையிட்டு, ஐந்தாண்டளவில் பருவமெய்தும் அப்பறவைகளால் இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை.

இழப்பு பறவையோடு நிற்கவில்லை. தின்னப்படாத பிணங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுபட்டன. பாறுகள் மறைந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் மிகுதியாக இறந்திருக்கக்கூடும் எனப் பொருளியல் ஆய்வொன்று 2024இல் மதிப்பிட்டுள்ளது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை அரசு தடைசெய்தது. அதனை ஒத்த வேறு இரு மருந்துகளும் 2023இல் தடைசெய்யப்பட்டன. அரியானாவின் பிஞ்சோரில் அக்கழகத்தார் பாறுகளை வளர்த்துப் பெருக்கி வருகின்றனர். தமிழ்நாட்டில் நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை கூடு கட்டி வாழ்கின்றன. மருந்துக் கடையில் மாட்டுக்கு என்ன வாங்குகிறோம் என்பதில் உழவர்தம் விழிப்பும் கால்நடை மருத்துவர்தம் விழிப்புமே அவற்றுக்கு உண்மையான வேலியாகும்.

நாம் கொள்ளத்தக்கது

சாலிம் அலி இப்பேரிடரைக் காணாமலே மறைந்தார். அவர் மறைவுக்குப்பின் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள ஆனைகட்டியில் அவர் பெயரால் 1990இல் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று எழுந்தது. அவர்தம் நூல்களினும் விருதுகளினும் மேலாக நிலைத்து நிற்பது, பொதுவாகக் காணப்படுவதையும் பொறுமையுடன் எழுதி வைக்க வேண்டும் என அவர் நடந்துகாட்டிய நெறியே என்பது எமது கருத்து. அரியதைத் தேடி எழுதுவோர் எக்காலத்தும் உளர். எங்கும் உளதாயிற்றே என விடப்படுவதே சொல்லாமல் மறைந்துபோகின்றது.

தமிழ் மாணவர்க்கு இதில் தனிப்பங்கு உண்டு. இண்டூர் தொடங்கி ஒகேனக்கல் வரையுள்ள சிற்றூர்களில் பறவைகளுக்கு வழங்கும் பெயர்களை முதியோர் இன்னும் அறிவர். ஒரு குறிப்பேட்டில் நாள், இடம், பெயர், எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதத் தொடங்கும் மாணவர், மொழிக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே பணிசெய்தவர் ஆவார். அதற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்குச் சாலிம் அலி அவர்களின் வாழ்வே சான்றாகும்.